எறும்பு போகாமலிருக்க வைத்த தண்ணீர்

ஊர் உலகத்தில் எறும்பு வராமல் இருக்கத்தான் தண்ணீர் வைப்பார்கள். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் பால் சட்டியை வைப்பார்கள், அலமாரிக் காலுக்குக் கிண்ணம் வைப்பார்கள். எங்கள் வீட்டில் மட்டும் எறும்பு போகாமல் இருக்கத் தண்ணீர் வைத்திருந்தோம். வைத்தது நான்தான். அதற்காக என் மாமியார் என்னைப் பேசிய பேச்சை எழுதினால் ஒரு குயர் நோட்டுப் பத்தாது.

"எவளாச்சும் வீட்டுக்குள்ள எறும்பு வளப்பாளாத்தா? கோழி வளத்தா முட்டையாச்சும் இடும்."

"எறும்பும் முட்டை இடுமே அத்தை," என்றேன்.

"வாயப் பாரு வாய!"

எனக்கு வாய் நீளம்தான். கோபமும் மூக்குக்கு மேலேதான் இருக்கும். டீச்சர் வேலைக்கு இரண்டும் வேண்டும் என்பது என் கட்சி.

எண்பதுகளின் நடுவில் நான் வாழ்க்கைப்பட்டு வந்த ஊர் அது. ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகிற பஸ்ஸில் பாதியில் இறங்கி, கண்மாய்க் கரையோடு ஒன்றரை மைல் நடக்க வேண்டும். கிணற்றில் உப்புத் தண்ணீர், குடிக்க ஊருணித் தண்ணீர். நான் பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு விவசாயம். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் வீட்டில் நான், அவர், அத்தை என்று மூன்றே பேர்.

எறும்பு வந்த கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முன்னால் நெல் போன கதையைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் நாற்று விட்டு நடுகிற பேச்சே கிடையாது. புரட்டாசியில், மழைக்கு முன்னாலேயே, காய்ந்த புழுதியில் விதையைத் தூவி உழுதுவிட்டு வானத்தைப் பார்த்து உட்கார வேண்டும். மழை வரட்டும், அப்புறம் விதைக்கலாம் என்று இருந்தால் நிலம் சேறாகிவிடும், ஏர் இறங்காது. முந்தி விதைத்து ஒரு தூறல் மட்டும் விழுந்தாலோ, முளைத்துக் கருகிவிடும். கல்யாணமான முதல் வருஷம் என் வீட்டுக்காரர் ஊருக்கு முந்தி விதைத்தார். தூறல் விழுந்தது, பச்சையாக முளைத்தது, அதற்கப்புறம் இருபது நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. அவ்வளவுதான். பிந்தி விதைத்தவர்கள் எல்லோரும் அறுத்தார்கள்.

டீக்கடையில் அவருக்கு 'முந்திரிக்கொட்டை' என்று பேர் விழுந்தது. அதைக்கூட அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அத்தை செய்ததைத்தான் தாங்க முடியவில்லை. அத்தை திட்டவுமில்லை, ஒப்பாரி வைக்கவுமில்லை. தன் அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு மூட்டை விதைநெல் வாங்கி வந்து, தான் படுக்கிற அறையில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"இந்த மூட்டையும் போச்சுன்னா நம்மகிட்ட வேற வெதை இல்ல. இனிமே எப்ப வெதைக்கணும்னு நான் சொல்லுறேன். நீ உழுதாப் போதும்," என்றார்.

முப்பது வயது ஆம்பிளையிடம் பெற்ற தாய் சொன்ன வார்த்தை. அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. புதுப் பெண்டாட்டி, என்ன பேச முடியும்?

எல்லாம் கருகின பிறகு, ஐப்பசிக் கடைசியில் ஒரு பேய் மழை பெய்தது. எங்கள் வயலுக்குப் பிந்தி வந்த மழை. மறுநாள் பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒரு ராணி எறும்பு இறக்கையை உதிர்த்துவிட்டுச் சுவரோரமாக ஓடிக்கொண்டிருந்தது. சாதாரணச் சித்தெறும்பை விட நாலு பங்கு பெரிசு, வயிறு மினுமினுவென்று இருந்தது. பயிற்சிப் பள்ளியில் படித்தது ஞாபகம் வந்தது. ஒரு சோதனைக் குழாயில் அடியில் தண்ணீர் விட்டு, பஞ்சை அடைத்து, ராணியை விட்டு, வாயிலும் பஞ்சு வைத்து இருட்டில் வைத்தால் அது தானே முட்டையிட்டுத் தானே வளர்க்கும். அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டலாமே என்று பிடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

பாடத்துக்கென்று கொண்டுவந்தது பாடத்தோடு நிற்கவில்லை. காரணம் என் வீட்டுக்காரர். அந்த ஐப்பசி, கார்த்திகை முழுக்க அவருக்கு வயலில் வேலை இல்லை. ஊரே களை எடுக்க, அவர் மட்டும் வீட்டில் முகட்டைப் பார்த்துப் படுத்திருப்பார். ஒருநாள் கட்டிலுக்கு அடியிலிருந்து அவர் குரல் வந்தது.

"ஏ புள்ள! இங்கன வா, இங்கன வா! ஏழு முட்டை இட்டிருக்கு!"

மனுஷன் டார்ச் லைட்டோடு தரையில் மல்லாந்து கிடக்கிறார். அந்த மாதத்தில் அவர் சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

முட்டை புழுவாச்சு, புழு கூடாச்சு. ஒரு மாதத்தில் ஆறு குட்டி எறும்புகள், கடுகில் பாதி இருக்கும், ராணியைச் சுற்றி நின்றன. பொங்கலுக்கு முப்பது. பங்குனியில் முந்நூறு. அதற்கப்புறம் எண்ணுகிற வேலையை விட்டுவிட்டேன். குழாயிலிருந்து ஊறுகாய் பாட்டிலுக்கு மாற்றினோம். அதுவும் பத்தவில்லை. கடைசியில் அவரே ஒரு வீடு கட்டினார். இரண்டு ஜன்னல் கண்ணாடிகளை ஒரு விரல் இடைவெளி விட்டு மரச்சட்டத்தில் பொருத்தி, நடுவில் மண் நிரப்பினார். உயரம் ஒன்றரை அடி. அடிக்கட்டையில் ஓட்டை போட்டு, மொத்தத்தையும் ஒரு சாண் ஆழமுள்ள எவர்சில்வர் பேசினில் நிறுத்தி, இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றினார். அந்தத் தண்ணீர்தான் மண்ணை ஈரமாக வைக்கும், எறும்பை வெளியே போகாமலும் தடுக்கும். கண்ணாடிக்கு மேலே ஒரு கறுப்புத் துணி. துணியைத் தூக்கினால் எறும்பு வெட்டிய தெருவும் அறையும் முட்டைக் கிடங்கும் அப்படியே தெரியும். சினிமாக் கொட்டகை கெட்டது போங்கள்!

தீனிக்கு நொய்யரிசி, கருவாட்டுத் துணுக்கு, சோடா மூடியில் கருப்பட்டித் தண்ணீர். அவர் வயலிலிருந்து வரும்போது மடியில் வெட்டுக்கிளி கொண்டுவருவார். சில எறும்புகளுக்கு மட்டும் தலை உடம்பை விடப் பெரிசு. அவை ஒரு வேலையும் செய்யாமல் வாசலில் நின்றுகொண்டு தலையை ஆட்டும்.

"இதுக நாட்டாமைக," என்று பேர் வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அத்தைதான். நான் பள்ளிக்கூடம் போனதும் துணியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார், கள்ளி!

சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் வெளியூர் போய்த் திரும்பினால், பேசின் தண்ணீர் வற்றி, எறும்பு வரிசை கட்டி அத்தையின் அதிரசத் தூக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. அத்தை போட்ட கூப்பாட்டில் தெருவே கூடிவிட்டது. ஆனாலும் ஒரு எறும்பையும் நசுக்கவில்லை. வாயுள்ள ஜீவன், தின்னத்தான் செய்யும் என்று சொல்லி, அதிரசத்தை ஒவ்வொன்றாகத் தட்டி உதறி, கருப்பட்டிப் பொடியைக் கோடு மாதிரி தூவி, எல்லாவற்றையும் கண்ணாடிப் பெட்டிக்கே திருப்பிவிட்டார். அதற்கு ஒரு பகல் பிடித்தது. வைது முடிக்க ஒரு வாரம்! அன்றிலிருந்து பேசினில் தண்ணீர் வற்றிவிடுமோ என்கிற பயம் எனக்கு ஒட்டிக்கொண்டது.

புரட்டாசி பிறந்தது. அவர் வயலை மூன்று சால் உழுது புழுதியாக்கி வைத்திருந்தார். மண் தயார், மாடு தயார், மூட்டை மட்டும் அத்தை அறையில்.

"ஆத்தா, காத்து கெழக்க திரும்பிருச்சு. வெதச்சுரலாம்," என்பார் அவர்.

"போன வருசமுந்தான் திரும்புச்சு. தட்டான் தாழப் பறக்குதா? எறும்பு முட்டையத் தூக்கிக்கிட்டு மேடேறுதா? அதுக சொல்லட்டும், வெதைக்கலாம்," என்பார் அத்தை.

எறும்பு முட்டை கொண்டு மேடேறினால் மழை என்பது எங்கள் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும். மகன் சொன்னால் கேட்காத அத்தை எறும்பு சொன்னால் கேட்பாராம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வீட்டுக்காரர் முகத்துக்காக வாயை அடக்கிக்கொண்டேன். ஊரிலும் ஒருத்தரும் விதைக்கவில்லை. போன வருஷத்து எங்கள் வயல் எல்லோர் கண்ணிலும் நின்றது.

அந்த நேரம் பார்த்து எனக்கு ராமநாதபுரத்தில் நாலு நாள் பயிற்சி வகுப்பு. அக்கா வீட்டில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. காலை பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் பேசினைப் பார்த்தேன். தண்ணீர் அடியில் கிடந்தது. நாலு நாளைக்கும் சேர்த்து ஊற்றிவிடுவோம் என்று குடத்தைச் சாய்த்து மடமடவென்று ஊற்றிவிட்டு ஓடினேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க் கரையில் நடந்து வருகிறேன், எங்கள் வயலில் விதைத்து உழுத சால் தெரிகிறது. பக்கத்து வயலிலும் அப்படியே. அதற்கடுத்த வயலில் இன்னும் ஏர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வாசலில் அத்தை வாயெல்லாம் பல்லாக நின்றார்.

"ஏத்தா, வா வா! ஒன் எறும்பு குடும்பத்தக் காப்பாத்திருச்சு! நீ போன மறுநாளு அவன் கூப்புட்டுக் காட்டுனான். அம்புட்டு முட்டையும் உச்சில கொண்டு போயி வச்சிருக்கு. சாமி மாதிரி! ஒடனே மூட்டைய எடுத்துக் குடுத்துட்டேன். தெருவுலயும் சொன்னேன். பத்து வீட்டுக்காரவுக வெதச்சுப்புட்டாக."

நான் பையைக்கூடக் கீழே வைக்காமல் உள்ளே ஓடித் துணியைத் தூக்கினேன். பேசினில் தண்ணீர் தளும்பிக்கொண்டு நின்றது. கண்ணாடிக்குள் பாதி மண் சேறாகக் கறுத்துக் கிடந்தது. எறும்புகள் முட்டையையும் புழுவையும் தூக்கிக்கொண்டு உச்சியில் போய் ஒண்டியிருந்தன. மழையாவது மண்ணாங்கட்டியாவது! வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் எவன்தான் மாடிக்கு ஏறமாட்டான்?

எங்கள் மூட்டை போதாதென்று பத்து வீட்டு மூட்டை. நான் ஊற்றிய தண்ணீருக்கு!

ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் ஆயுசிலேயே அது ஒரு சாதனை. சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், டீச்சருக்குக் காய்ச்சல் என்று பேசிக்கொண்டன. ஒவ்வொரு நாளும் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஆறாம் நாள் ஒரு சின்ன மேகம் வந்து நாலு சொட்டுப் போட்டுவிட்டுப் போனது. போன வருஷத்துத் தூறல் ஞாபகம் வந்தது. நேராக வயலுக்குப் போனேன். அவர் வரப்பில் குந்தியிருந்தார்.

"ஏங்க, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அந்த எறும்பு மழைக்காக ஏறல. நான் தண்ணிய அளவில்லாம ஊத்திட்டேன், அதான் ஏறுச்சு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து விரலால் பொடித்துக்கொண்டே இருந்தார்.

"நீ ஊத்துனது நாலு விரக்கடதான் டீச்சரு," என்றார். "முட்டை கொஞ்சந்தான் நகண்டுச்சு. நடுவுலயே நின்னுருச்சு."

"அப்புறம்?"

"நாந்தான் இன்னும் ரெண்டு செம்பு ஊத்துனேன்."

"அடப்பாவி மனுசா!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. ஐந்து நாளாக நான் செத்துப் பிழைக்கிறேன், இந்த மனுஷன் எறும்பைப் பொய்ச்சாட்சிக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்! வரப்பில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அன்னைக்கே காத்து திரும்பி எட்டு நாளாயிருந்துச்சு. ஆத்தா இன்னும் தட்டானத் தேடிக்கிட்டு இருந்துச்சு. எறும்பு சொன்னாத்தான் கேக்கும்னா எறும்பையே சொல்ல வைப்போம்னு பண்ணிட்டேன். நம்ம வயலோட போகும்னு பாத்தேன். ஆத்தா தெருவுக்கே சொல்லும்னு நான் கண்டேனா? பத்து வீடு, புள்ள."

"போன வருசமும் இப்படித்தான திரும்பிருச்சுன்னு சொன்னீங்க?"

"போன வருசம் ஆசைப்பட்டு வெதச்சேன். இந்த வருசம் பயந்துக்கிட்டேதான் வெதச்சேன். அம்புட்டுத்தான் வித்தியாசம்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தால் பாவமெல்லாம் பார்க்கமாட்டேன்.

"இன்னைக்கே அத்தைகிட்டச் சொல்லிருங்க."

"மழை பேஞ்ச பெறகு சொல்லிக்கிறேன்."

"பேஞ்ச பெறகு சொன்னா அது பெருமையடிக்கிறது. இப்பச் சொன்னாத்தான் உண்மையச் சொன்ன மாதிரி. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன். என் வாயப் பத்தித் தெரியுமில்ல?"

தெரியும் அவருக்கு. எழுந்து வந்தார்.

அத்தை முற்றத்தில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் எதிரில் குந்தி, ஒன்று விடாமல் சொன்னார். அத்தை ஆய்கிற கையை நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும் கேட்டார்:

"எத்தனை செம்பு?"

"ரெண்டு."

"ஊருணித் தண்ணியா, கெணத்துத் தண்ணியா?"

"ஊருணி."

"நல்ல தண்ணிய வேற பாழாக்கிருக்க," என்றார் அத்தை. கையைக் கழுவிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். நான் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினேன். பத்து வீட்டு வாசலிலும் நின்று ஒரே வார்த்தையைச் சொன்னார்: "எங்க வீட்டு எறும்பு சொன்னது பொய்யி. எம் மகன் செஞ்ச வேலை. என்னைய நம்பி வெதச்சீக, மன்னிச்சுக்கங்க." ஒரு வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு வீட்டில், "ஒங்க மகன் ஒரு தடவ கெட்டது பத்தாதா?" என்று கேட்டார்கள். கடைசி வீட்டுக்காரர் மட்டும், "வெதை மண்ணுக்குள்ள போயிருச்சு. இனிமே எறும்பு சொன்னா என்ன, எருமை சொன்னா என்ன? போயிப் படு ஆத்தா," என்றார்.

அத்தை தலை குனிந்து நடந்து நான் பார்த்தது அன்றைக்கு ஒருநாள்தான். சொல்ல வைத்தது நான் என்பதால் எனக்கு அந்தத் தெரு முடிகிற வரை நெஞ்சு வலித்தது.

அன்றிலிருந்து அத்தை மகனோடு பேசவில்லை. சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், பேச்சு மட்டும் இல்லை. அவர் டீக்கடைப் பக்கம் போவதை விட்டார். காலையிலும் சாயங்காலமும் வயலுக்குப் போய், ஒரு இடத்தில் மண்ணைக் கிளறி விதையை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடி வைப்பார். பெட்டித் தண்ணீரை நான் இரண்டு விரற்கடைக்குக் குறைத்துவிட்டேன். எறும்புகள் அவற்றின் பாட்டுக்கு முட்டையைக் கீழே கொண்டுவந்து, தெருவைத் திருத்தி, புதிதாக இரண்டு அறை வெட்டின. அதுகளுக்கு என்ன கவலை?

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடித்து இலையை எடுக்கிறேன், வீட்டுக்குள் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்தது. வெளியே வந்து பார்த்தால் கிழக்கே, கடல் பக்கம், வானம் மைக்கறுப்பு. காற்று ஒரு வீச்சு வீசியது. கொடியில் கிடந்த என் சேலை போய் வேப்பமரத்தில் மாட்டியது. புழுதியில் சொத் சொத்தென்று பத்து சொட்டு விழுந்தது. மூன்று பேரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். இது தூறலா, மழையா? தூறலாக இருந்தால் எல்லாம் போச்சு. பத்து சொட்டு நூறாச்சு. அப்புறம் கண்மாய்க் கரையே தெரியவில்லை. கொட்டோ கொட்டென்று கொட்டியது! தெருவில் பிள்ளைகள் கத்துகின்றன, யாரோ தட்டைத் தட்டுகிறார்கள், கடைசி வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத்தெருவில் நின்று நனைகிறார். நானும் முற்றத்தில் இறங்கி ஆடாத குறைதான். வெட்கமாவது மண்ணாவது!

அவர் மட்டும் தாழ்வாரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அத்தை மழைக்குள் இறங்கினார். முற்றத்து நடுவில் நின்று, நாலு நாளாகச் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார்.

"களவாணிப் பயலே! பெத்த ஆத்தாளையே ஏமாத்துவியாலே நீ? எம் மானத்தப் பத்து வாசல்ல கொண்டு போயி வச்சவன்தானலே! ஒன்னைய..."

ஒரு மணி நேரமாக விடவில்லை, மழையும் அத்தையும். தெருவில் தண்ணீர் குபுகுபுவென்று ஓட ஆரம்பித்தது. அத்தை வைதுகொண்டே, தெருக்கோடியில் தெரிகிற எங்கள் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பேச்சு அப்படியே நின்றுவிட்டது. வயலில் தண்ணீர் வெள்ளை வெளேரென்று தேங்கியிருந்தது. முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டு மகனிடம் வந்தார்.

"ஏலே," என்றார். குரல் இறங்கிவிட்டது. "தண்ணி கட்டிருச்சேலே. இப்ப என்ன செய்யணும்? அப்படியே நிப்பாட்டி வைக்கவா, வரப்ப வெட்டி விடவா? நீ சொல்லு."

தூணிலிருந்து கையை எடுத்தார். வயலைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"வெட்டி விடணும் ஆத்தா. வெதை இன்னும் மொளைக்கல. தண்ணி நின்னா அழுகிரும்."

"சரி," என்றார் அத்தை. "நீ சொன்னாச் சரிதான்."

அவர் அசையாமல் நின்றார்.

"நிக்கிறான் பாரு, மரம் மாதிரி! ஓடுலே!"

மண்வெட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர் மழைக்குள் ஓடினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னாலேயே நானும் ஓடினேன்.